பாகன் பிழையும் உடையான் பிழையும்

சோழநாட்டினின்றும் வந்து அநுராதபுரத்தில் அரசு செலுத்திய எல்லாளன் 44 ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்டான் என்று மகாவமிசம் கூறும். அம்மன்னனைப் பற்றி அந்நூல் உரைப்பவற்றுள் இரண்டு செய்திகள் தேரோடு தொடர்புடையன. முதலாவது யாவரும் அறிந்தது. அரசிளங்குமரன் திசாவாவிக்குத் தேரூர்ந்து சென்றபோது வழியிற் கிடந்த பசுங்கன்று ஒன்று சக்கரத்தின் கீழ் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை மணியை அசைத்தது. மன்னன் அதே சக்கரத்தால் மகனுடைய தலையைத் துணிப்பித்தான். திருவாரூரில் நிகழ்ந்ததாக மனுநீதிச் சோழன் பேரில் நம் சிறுவர் படிக்குங் கதையும் இதுவே.

இரண்டாவது செய்தி அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. பிக்குமாரை அழைத்தற்பொருட்டு எல்லாளன் சேதியகிரிக்குத் தேரேறிச் சென்றான். தேரின் நுகத்தடி முனை ஒரு தூபியிற் பட்டு அதன் கற்கள் பெயர்ந்தன. அமைச்சர், 'அரசே, உம்மால் தூபி சிதைந்தது' என்றனர். கருதிச் செய்யாத பிழையேயாயினும், அரசன் தேரினின்றிறங்கித் தெருவிற் படுத்துத் தன் தலையையுஞ் சக்கரத்தால் அரியுமாறு வேண்டினான். அமைச்சர் அவனைத் தேற்றி, தூபியைப் புதுக்கித் தருமாறு கூறினர். பெயர்ந்த கற்கள் பதினைந்து. அவற்றை மீள வைக்க அவன் செலவிட்ட பொருள் 15,000 கஹாபணம். இங்கு யான் கருத்திற்கொள்வது வேறொன்று. அரசன் ஏறிய தேருக்குப் பாகன் ஒருவன் இருந்திருத்தல் வேண்டும். அவனைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. அமைச்சர் அவனைக் கேட்கவில்லை. அரசனும் அவனைச் சுட்டிக் காட்டவில்லை. அரசன் தானே தேரைச் செலுத்தினான் என்று கொள்வாரும் இருக்கலாம். எவ்வாறாயினும், தேருக்குடையவன் முன்வந்து பிழையைத் தன்னதாக்கிக் கொண்டான் என்பதே அச்செய்தியின் உயிர்நிலை.

சாரதி அனுமதிப்பத்திரமின்றி வாகனம் ஓட்டுதற்குச் சட்டம் விதிக்குந் தண்டனையின் வரலாற்றை எழுதப் புகுந்த யான் எல்லாளனிடம் சென்றது ஏன் என்று வாசகர் வினவலாம். நீதவான் நீதிமன்றங்களில் நாடோறும் கேட்கப்படும் மிக எளிய வழக்குகளுள் இதுவும் ஒன்று. பெயர் அழைக்கப்படும், குற்றப்பத்திரம் வாசிக்கப்படும், குற்றவாளி ஒப்புக்கொள்வான், தண்டம் விதிக்கப்படும். பத்து நிமிடமுஞ் செல்லாது. ஆயினும் அச்சட்டத்தைத் தோண்டிப் பார்ப்பார்க்கு அடியில் ஒரு பழைய வினாக் கிடப்பது புலனாகும். தகுதியற்ற ஒருவன் வண்டியைச் செலுத்தினால் பிழை செலுத்தியவனதா, செலுத்துவித்தவனதா?

நம் முன்னோர் இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமின்றி விடை கூறியுள்ளனர். மனுதருமநூலின் எட்டாம் அத்தியாயத்தில், வண்டியினால் விளையுந் தீங்குகளைப் பற்றிய சிறு பகுதியொன்றுண்டு. வண்டி, பாகன், உடையான் என்னும் மூன்றையும் சேர்த்தே அப்பகுதி நோக்குகின்றது. மூக்கணாங்கயிறு அறுதல், நுகம் முறிதல், அச்சு ஒடிதல், பாகன் 'விலகுமின்' என்று உரத்துக் கூவியிருத்தல் முதலிய பத்து நிலைகளில் யாருக்குந் தண்டமில்லை என்று முதலில் வரையறுக்கின்றது. பின்னர் வருவதே நமக்கு வேண்டிய விதி. பாகனின் திறமைக் குறைவினால் வண்டி வழிவிலகித் தீங்கு விளையுமாயின் உடையானுக்கு 200 பணம் தண்டம். பாகன் திறமையுடையவனாயிருந்துங் கவனமின்றிச் செலுத்தினால் பாகனுக்கே தண்டம். பாகன் திறமையற்றவனாயின் அவ்வண்டியில் ஏறிச்சென்றோர் ஒவ்வொருவருக்கும் 100 பணம் தண்டம்.

மனுவின் நூலிற் குலத்துக்கொரு நீதி கூறும் பகுதிகள் பலவுள. அவற்றை இக்காலத்தார் எவரும் ஏற்கார், யானும் ஏற்கேன். ஆயின் இவ்விதியின் கூர்மையை மறுத்தல் இயலாது. இதன்படி பாகனைப் பொறுப்பாளியாக்குவது அவனது திறமை. திறமை இல்லாதவிடத்துப் பொறுப்பு மேனோக்கி உடையானிடஞ் செல்லுகின்றது. திறமையில்லையென்று அறிந்தும் ஏறியமர்ந்தவனையும் பற்றுகின்றது.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இன்னும் ஒருபடி செல்லும். வண்டியைச் செலுத்துபவன் வயது வராதவனாயின், வண்டியிலிருக்கும் உடையான் தண்டிக்கப்படுவான். உடையான் அங்கில்லையேல் வண்டியிலிருப்பவன் தண்டிக்கப்படுவான். சிறுவன் செலுத்தும் வண்டியையும், செலுத்துவாரின்றிச் செல்லும் வண்டியையும் அரசன் பறிமுதல் செய்துகொள்ளலாம். இந்தியப் பாராளுமன்றம் 2019 ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, வயது வராதோர் ஓட்டி இழைக்குங் குற்றத்துக்குப் பெற்றோரையோ வாகன உடைமையாளரையோ பொறுப்பாக்கி, 25,000 ரூபாய்த் தண்டமும் மூன்றாண்டு வரையான சிறையும் விதித்தது. புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. கௌடிலியர் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்.

இவ்விடத்திற் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறி அப்பாற் செல்வேன். தேர் செலுத்துவோனைப் பழந்தமிழர் வலவன் என்றும் பாகன் என்றும் வழங்கினர். நாமோ வடசொல்லாகிய சாரதி என்பதைக் கொண்டோம். தமிழகத்தார் ஓட்டுநர் உரிமம் என்பதை ஈழத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் என்கிறோம். கண்ணபிரானுக்குப் பார்த்தசாரதி என்று பெயர். அவன் பத்திரம் ஏதுமின்றியே பாரதப்போர் முழுவதுந் தேரோட்டினான் என்று எம் வகுப்பு மாணவன் ஒருவன் கூறியதுண்டு. அதற்கு யான் விடை கூறவில்லை.

மோட்டார் வண்டி தோன்றியபொழுது இப்பழைய வினா புதுவடிவங் கொண்டது. கார்ள் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் 1886 ஆம் ஆண்டில் தம் முச்சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் இரைச்சலையும் நாற்றத்தையும் பொறாது மன்ஹைம் நகரத்தார் முறையிடவே, 1888 இல் பாடன் நாட்டு அதிகாரிகளிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றே தெருவில் ஓட்டினார். உலகின் முதல் அனுமதிப்பத்திரம் இதுவென்பர். இது திறமையைச் சான்று கூறும் பத்திரமன்று; அயலார் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுதற்கான பத்திரம். திறமைக்குச் சான்று வேண்டும் என்று முதலில் விதித்தது பாரிஸ் நகரப் பொலிஸ் நிர்வாகம், ஆண்டு 1893.

நம் நாட்டுச் சட்டங்களுக்குத் தாயாகிய ஆங்கிலச் சட்டமோ வேறு வழியிற் சென்றது. 1903 ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 17 வயது நிரம்பிய எவரும் ஐந்து ஷில்லிங்கு செலுத்திச் சாரதிப் பத்திரம் பெறலாம். ஓட்டத் தெரியுமா என்று கேட்பார் இல்லை, தேர்வும் இல்லை. ஓட்டுபவன் இன்னான் என்று அறிவதும், குற்றஞ் செய்தால் அவன் பத்திரத்திற் குறிப்பெழுதுவதும், வேண்டுமாயின் அதனைப் பறிப்பதுமே நோக்கம். அச்சட்டத்தின்கீழ் முதற் குற்றத்துக்கு 20 பவுண் வரை தண்டம். மறுமுறையாயின் 50 பவுண் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. கட்டாயத் தேர்வு வந்தது 1935 ஜூன் மாதத்தில். ஆகவே முப்பத்தோராண்டு காலம் ஆங்கிலநாட்டிற் பத்திரமின்றி ஓட்டியவன் தண்டிக்கப்பட்டது திறமையில்லாமைக்காகவன்று, பத்திரமில்லாமைக்காகவே.

ஆயினும் அந்த 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை ஊன்றி வாசித்தல் வேண்டும். பத்திரம் பெறாது எவரும் மோட்டார் ஓட்டலாகாது என்று விதித்த அதே வாக்கியம், பத்திரம் பெறாத ஒருவனை ஓட்டுதற்கு எவரும் அமர்த்தலாகாது என்றும் விதித்தது. இரண்டு குற்றங்களும் ஒரே வாக்கியத்தில், ஒரே நாளிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். மனுவின் உடையான் ஆங்கிலப் பாராளுமன்றத்திலும் மறக்கப்படவில்லை. பின்னாளில் ஒரு பிள்ளை வளர்ந்தது, மற்றையது நோஞ்சானாயிற்று. இக்கட்டுரை அந்த நோஞ்சான் பிள்ளையைப் பற்றியது என்றே கொள்க.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி 1902 இல் வந்தது. 1904 இலேயே இங்கு மோட்டார்ச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. வண்டியுடையார் தொகை சிறிதேயெனினும் அவர்தம் செல்வாக்குப் பெரிது. சப்பிரகமுவ மாகாணத்தில் மோட்டார் வருமுன்னர்த் தேயிலையும் இறப்பரும் மாட்டு வண்டியிலேயே சென்றன. களனிப் பள்ளத்தாக்கின் சிறிய இருப்புப்பாதை 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் இறக்குவானைத் தோட்டங்களுக்கும், தெற்கே எம்பிலிப்பிட்டிய வரையும் தெருவே துணை. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அவ்விருப்புப்பாதையும் கைவிடப்பட்டபின், இம்மலைச்சரிவுகளில் ஏறவேண்டிய அரிசியும் இறங்கவேண்டிய தேயிலையும் முழுவதுமே சாரதியின் கையில் வந்தன. இம்மாகாணத்திற் சாரதி என்பான் தொழிலாளருள் ஒருவனாயினும் தனியொரு மதிப்புடையவன். கொழுந்து பறிக்குங் கூடையையும் பால் வெட்டும் கத்தியையும் விட்டுப் பிள்ளை ஒருவன் வெளியேறுதற்கு எளிய வழிகள் இரண்டே. ஒன்று கடைச் சிப்பந்தி வேலை, மற்றையது ஓட்டுந் தொழில்.

இலங்கையின் மோட்டார்ச் சட்ட வரலாற்றில் மூன்று படிகள் குறிப்பிடத்தக்கன. 1927 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டம் முதற்படி. 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடுத்தது. மூன்றாந் தரப்பாருக்கு நேருந் தீங்குக்குக் காப்புறுதி வேண்டும் என்னும் விதியை அது கொணர்ந்தது. சுதந்திரத்தின் பின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறிற்று. பலமுறை திருத்தப்பட்டும் இன்றுவரை ஆட்சி செய்வது இச்சட்டமே. இதன் 123 ஆம் பிரிவு, வலுவிலுள்ள சாரதி அனுமதிப்பத்திரமின்றி நெடுந்தெருவில் மோட்டார் வாகனம் ஓட்டுதலைத் தடுக்கின்றது. பத்திரமற்ற ஒருவரை ஓட்டுதற்கு அமர்த்துதலையும் அனுமதித்தலையும் அதே பிரிவு தடுக்கின்றது. 1903 இன் இரட்டைப் பிள்ளைகள் கடல் கடந்து வந்தும் பிரிந்திலர்.

தோட்டத்து மக்களின் வாழ்வில் இச்சட்டம் எவ்வாறு பதிந்தது என்பதை அறிய, பத்திரம் என்னும் பொருளோடு அவர்கள் கொண்ட பழைய உறவைச் சிறிது நோக்குதல் வேண்டும். சாரதிப் பத்திரம் வருமுன்னரே அவர்கள் வாழ்வில் இன்னொரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு. தொழிலாளர் இன்ன தொகை கடன்பட்டுள்ளனர், அதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது துண்டு. அத்துண்டைக் கொண்டு கங்காணி தன் ஆட்களை வேறொரு தோட்டத்துக்கு நடத்திச் செல்வான். புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். தீர்த்த தொகை மீண்டும் அம்மக்கள் தலையிலேயே கடனாக ஏறும். அறிவித்தலின்றி வேலையை விட்டு அகன்றவனுக்கு 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. வேலையை விடுதல் குற்றவியற் குற்றமாயிருந்த காலம் அது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்து, அச்சிறைத் தண்டனையையும் நீக்கிற்று.

துண்டு போயிற்று, தாளின் ஆட்சி போகவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. ஆட்பதிவுச் சட்டம் 1968 இல் வந்து, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அது குடிமக்களுக்கே உரியதாயிற்று. எஞ்சிநின்ற நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்த சட்டம் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். இன்று சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிப்போன் முதலிற் காட்ட வேண்டியது அடையாள அட்டை. அடையாள அட்டைக்கு வேண்டியது பிறப்புச் சான்றிதழ். லயத்தறையிற் பிறந்து, பெயர் ஒருவாறும் தந்தை பெயர் வேறொருவாறும் பதியப்பட்ட பிள்ளைக்கு இச்சங்கிலியின் முதற் கண்ணியே பொருந்தாது. இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் செய்யும் யான், வகுப்பறையிற் செலவிட்ட நேரத்துக்கு அடுத்தபடியாக இத்தகைய எழுத்துப் பிழைகளைத் திருத்துவிக்கும் விண்ணப்பங்களிலேயே என் நேரத்தைச் செலவிட்டிருக்கிறேன்.

இனி இன்றைய தண்டனையை நோக்குவோம். பத்திரத்தை உடன் எடுத்துச் செல்லாமை வேறு, பத்திரமே பெறாமை வேறு என்பதைப் பலர் அறியார். முன்னையது இடத்திலேயே தண்டச்சீட்டு எழுதப்பட்டு அஞ்சலகத்திற் பணங் கட்டித் தீர்ப்பது. பின்னையது நீதவான் முன் செல்லவேண்டிய குற்றம். இப்பின்னைய குற்றத்தின் தண்டத்தை உயர்த்தும் முயற்சி 2016 ஆம் ஆண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று கூறப்பட்ட குற்றங்களுள், பத்திரமின்றி ஓட்டுதலோடு பத்திரமில்லாதவரைச் சாரதியாக அமர்த்துதலும் இருந்தது. தனியார் பஸ் உடைமையாளரும் பணியாளரும் அடுத்த மாதமே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஈற்றில் 2019 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகப் பத்திரமின்றி ஓட்டுதற்கு 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம் நடைமுறைக்கு வந்தது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில், நெடும் போராட்டத்தின் பின், 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கின்படி அத்தண்டம் 25 நாட்கூலி. மாதம் முழுவதும் ஒருநாளும் தவறாது பேர்போட்டவனுடைய சம்பளம் அவ்வளவே. வாகனத்தின் உடையானுக்கு அதே தொகை எத்தனை நாள் வருமானம் என்பதை வாசகரே மதிப்பிட்டுக் கொள்க.

இந்தியச் சட்டத்தின் வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 181 ஆம் பிரிவு உரிமமின்றி ஓட்டியவனுக்கு 500 ரூபாய் வரை தண்டம் விதித்தது. அதற்கு முந்திய 180 ஆம் பிரிவு, உரிமமில்லாதவனை ஓட்டவிட்ட உடையானுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் விதித்தது. சிறைத் தண்டனை இருவருக்கும் மூன்று மாதம் வரை. உடையானுக்குத் தண்டம் இருமடங்கு என்பதைக் கவனிக்க. ஏறிச்சென்றோனுக்கு 100, உடையானுக்கு 200 என்ற மனுவின் அளவை நினைவுக்கு வருதல் இயல்பே. சட்டத்தை வரைந்தோர் அதனை எண்ணினர் என்று யான் சொல்லவில்லை. 2019 இல் அங்குச் சட்டந் திருத்தப்பட்டபோது இருவருக்கும் 5,000 ரூபாய் என்று சமமாக்கினர். கடுமை கூடிற்று, வேறுபாடு மறைந்தது. இதனை முன்னேற்றம் என்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை.

இதுவரை கூறியவை நூல்களிலிருந்து அறிந்தவை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது கண்ணாற் கண்டதொன்று.

எம்பிலிப்பிட்டிய மலைநாட்டுக்கும் வறள்வலயத்துக்கும் எல்லையில் உள்ள ஊர். வடக்கே இறக்குவானைப் பக்கம் தேயிலை மலை. கிழக்கே உடவளவை நீர்த்தேக்கமும் அதன் நீரால் விளையும் வயலும் வாழையும். 1960களில் அந்நீர்த்தேக்கம் அமைந்தபின் இவ்வூர்ப் புறங்களில் உழவு இயந்திரம் இல்லாத தெருவில்லை என்றாயிற்று. லாண்ட் மாஸ்டர் என்று யாவரும் வழங்கும் இருசக்கரக் கை உழவு இயந்திரம் வயலில் உழும். பெட்டி பூட்டினால் நெல்லேற்றும், மணலேற்றும், திருவிழாவுக்கு ஆளும் ஏற்றும். வயலில் ஓட்டுவதற்குப் பத்திரம் எதற்கு என்று கேட்பார் பலர். வயலினின்று தெருவில் ஏறியவுடன் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். அதற்கென ஒரு தனி வகுப்பே பத்திரத்தில் உண்டு.

மலைத்தோட்டங்களிலிருந்து வேலை தேடி இறங்கிவரும் இளைஞர்க்கு இவ்வூரில் முதலிற் கிடைப்பது இவ்வியந்திரத்தின் பின்னே ஏற்றியிறக்கும் வேலை. சில திங்களில் ஓட்டப் பழகிவிடுவர். பிறகு நான்கு சக்கர உழவு இயந்திரம். அதன்பின் சிறு லொறி. ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை. வேண்டுவோர் கேட்கும்போது ஓட்டிக்காட்டுவதே தகுதி. என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த மாணவன் ஒருவன் இவ்வழியே வந்தவன். 2023 ஆம் ஆண்டில் அவனுக்கு வயது 19. வாகனமுடைய ஒருவரிடம் கொழுந்தும் பசளையும் ஏற்றும் சிறு லொறியை ஓட்டிவந்தான். பத்திரம் இல்லையென்பது அவருக்குத் தெரியும். பத்திரமுள்ள சாரதிக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்திற் பாதியே அவனுக்குக் கொடுத்தார் என்பதே அதற்குச் சான்று.

ஒருநாட் காலை பொலிசார் மறித்தனர். விபத்தொன்றும் இல்லை, வேகமும் இல்லை. பத்திரங் கேட்டனர், இல்லை. வழக்குத் தவணையன்று அவன் என்னைத் துணைக்கழைத்தான். எங்கள் பகுதியில் நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்தில் நிகழும். வழக்கின் மொழி அறியாத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பாளரைத் தருதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அவ்வுரிமையை அவனுக்கு எடுத்துரைத்தேன். அவனோ சந்தையிற் சிங்களம் நன்கு பேசுபவன். 'வேண்டாம் ஐயா, குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறவனுக்கு என்ன மொழிபெயர்ப்பு?' என்றான். பெயர் அழைக்கப்பட்டது. ஒப்புக்கொண்டான். 25,000 ரூபாய் தண்டம். யான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடங்கூடச் செல்லவில்லை.

அவன் குற்றமற்றவன் என்று யான் வாதாட வரவில்லை. அவன் நன்றாக ஓட்டுவான் என்பதற்கு என் சொல்லன்றி வேறு சான்றில்லை. தெருவில் நடக்கும் பள்ளிப்பிள்ளைகளுக்கு என் சொல் காப்பாகாது. அரசு சோதித்தறிந்து கொடுக்குஞ் சான்றையே தெருவில் நடப்போர் நம்புதற்குரியர். அதனைப் பெறாது ஓட்டியவனைத் தண்டித்தல் முறையே. என் கண்கள் தேடியது கூண்டில் அவன் அருகே நின்றிருக்க வேண்டிய இன்னொருவரை. 123 ஆம் பிரிவின் மறுபாதி அவரைப் பற்றியது. அவர் மீது வழக்கில்லை. இன்னார் சொல்லி ஓட்டினேன் என்று மாணவன் பொலிசாரிடங் கூறவில்லை. கூறினால் வேலை போகும். வாகன உடையானுக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தக்கவன் பெரும்பாலும் அவனிடங் கூலிக்கு நிற்கும் சாரதியே. இரட்டைப் பிள்ளைகளுள் ஒன்று நோஞ்சானானதன் காரணத்தை நூல்களிற் பன்முறை தேடிய யான் அன்று அதனை நீதிமன்ற விறாந்தையிற் கண்டேன்.

தண்டப்பணத்தை அன்றே கட்டியவர் அந்த உடையான்தான். அதற்காக அவரைப் புகழ்ந்தோரும் உண்டு. பின்னரே அறிந்தேன், அத்தொகை அட்வான்ஸ் என்று கொப்பியில் எழுதப்பட்டது. மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும். கழிந்து முடியும்வரை அவன் வேலையை விடலாகாது. கொப்பியை அவனே எனக்குக் கொண்டுவந்து காட்டினான். மேலே அவன் பெயர், கீழே தொகை, அதன்கீழ்க் கழிவுகள். நூறாண்டுக்கு முன் ஒழிக்கப்பட்ட துண்டை யான் படத்திலும் பார்த்ததில்லை. அதன் வாசகம் மட்டும் எனக்குத் தெரியும். கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவ்வாசகமே நினைவுக்கு வந்தது.

அக்கடனைக் கழிக்க அவன் செய்த வேலை யாது என்று வினவுவீர்களாயின், அதே லொறியை, அதே தெருவில், பத்திரமின்றி ஓட்டியதே. பொலிசார் நிற்கும் நேரத்தைத் தவிர்த்து விடியற்காலையில் ஓட்டுமாறு உடையான் சொல்லியிருந்தார்.

யான் அதனை நிறுத்துமாறு கடிந்துரைத்தேன். பத்திரத்துக்கு விண்ணப்பிப்போம் என்றேன். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் ஓர் எழுத்துக் குறைவாகவும், அடையாள அட்டையில் அவ்வெழுத்து மிகையாகவும் இருந்தன. அதைத் திருத்துவிக்க ஏழு மாதஞ் சென்றது. மருத்துவச் சான்றிதழ் ஒருநாளிற் கிடைத்தது. எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பது அவனுக்குப் பெருவியப்பாயிருந்தது, முதன்முறையே தேறினான். ஓட்டுத் தேர்வில் ஒருமுறை தவறினான். பின்னோக்கிச் செலுத்தும்போது கண்ணாடியைப் பாராமற் கழுத்தைத் திருப்பிப் பார்த்தானாம். 'யாரும் இதுவரை எனக்குச் சொல்லித் தரவில்லை ஐயா' என்றான். அப்பொழுது யான் மனுவை நினைத்தேன். திறமையாளன் என்று யான் நம்பியிருந்தவனிடம் சோதிப்போர் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டனர்.

இரண்டாம் முறை தேறினான். பத்திரம் கைக்கு வந்த வாரம் கடனின் கடைசிக் கழிவும் முடிந்தது. பத்திரமுள்ள சாரதிக்குரிய சம்பளத்தைக் கேட்டான். அவ்வளவு கொடுக்க இயலாது என்று அவர் கூறவே, பெல்மதுளைப் பக்கம் வேறிடத்தில் வேலைக்கமர்ந்தான். அந்தச் சிறு லொறி இன்றும் விடியற்காலையில் என் வீட்டு வழியே செல்கின்றது. அதை இப்பொழுது ஓட்டுபவன் மீசை அரும்பாத பையன். அவன் யாரிடம் படித்தான் என்று விசாரித்து வருகிறேன்.